தோட்டத்துக் கணக்கைக் கம்பனிகள் ஏன் இணையத்தில் விரித்து வைக்கின்றன?

கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான ஏதாவது ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் வருடாந்த அறிக்கையை இணையத்தில் திறந்து பாருங்கள். இலாப நட்டக் கணக்கைத் தேடிப் போகிறவர் அதை அடைவதற்கு முன்பு பல பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். எத்தனை ஹெக்டெயரில் மரம் நட்டார்கள், தேயிலையைக் காய வைக்க எவ்வளவு விறகு எரித்தார்கள், ஆற்றுக்குப் போகும் கழிவு நீரை என்ன செய்தார்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை பராமரிப்பு நிலையங்கள் நடத்தினார்கள் என்று படமும் அட்டவணையுமாக அந்தப் பக்கங்கள் நீண்டு போகும்.

நமது வியாபாரிகளில் பலர் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. "தேயிலை விற்கிறவனுக்கு மரம் நட்ட கதை எதற்கு? கொழுந்து நல்லதென்றால் தேயிலை தானாக விலை போகும்" என்பார்கள். பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்து, பழைய சோனகத் தெருவில் முப்பது வருடங்களுக்கு மேல் பலசரக்கு வியாபாரம் பார்த்தவன் என்ற முறையில் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு வியாபாரி காரணமில்லாமல் செலவு செய்யமாட்டான். பெரிய கம்பனிகள் ஆள் வைத்து, கணக்கு எடுத்து, மொழிபெயர்த்து, இணையத்தில் ஏற்றுகின்றன என்றால் அதன் பின்னால் யாரோ நெருக்குகிறார்கள், அல்லது ஏதோ இலாபம் இருக்கிறது. அது என்ன என்பதே இந்த வாரப் பாடம். மிளகும் கறுவாவும் கொப்பராவும் கைமாற்றும் நம்மையும் அது தொடுகிறது என்பதால் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

எதைத்தான் சொல்கிறார்கள்?

இந்தத் தகவல்களைப் "பேண்தகு தகவல்" என்று இப்போது அழைக்கிறார்கள். இன்றைக்கு விளைச்சல் எடுக்கும் நிலமும் நீரும் ஆட்களும் நாளைக்கும் விளைச்சல் தரும் நிலையில் இருக்கிறார்களா என்பதற்கான கணக்கு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கடைக்காரர் மொழியில் சொன்னால், முதலைத் தின்னாமல் வியாபாரம் செய்கிறோமா என்ற கணக்கு.

இதை எழுதுவதற்கென்று உலக அளவில் வரையறைகள் உண்டு. ஜீ.ஆர்.ஐ. என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டில் தனது முதல் வழிகாட்டியை வெளியிட்டது. 2013இல் "ஒருங்கிணைந்த அறிக்கை" என்ற முறை வந்தது. நிதி, கட்டடமும் இயந்திரமும், அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை என்று ஒரு கம்பனிக்கு ஆறு வகை மூலதனம் இருக்கிறது, ஆறையும் பற்றிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமது நாட்டின் பதிவு செய்யப்பட்ட கம்பனிகள் பலவற்றின் அறிக்கைகளில் இந்த ஆறு தலைப்புகளையும் காணலாம். ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்த தலவாக்கலை, களனிவெளி, ஹொரணை பெருந்தோட்டக் கம்பனிகளின் அறிக்கைகளைப் பார்த்தால் இந்த முறை விளங்கும். அவற்றைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் பணம் கொடுக்காமல் வாசிக்கலாம்.

தெரியாத சரக்குக்கு நல்ல விலை இல்லை

காரணங்களுக்குள் போவதற்கு முன்னால் அடிப்படை ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் விற்பனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில், 2001இல், இந்த வழியிலான ஆய்வுகளுக்காக அவருக்கும் மேலும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது நமக்கு விளங்காத விடயமல்ல. விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே பேசுவான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்கமாட்டான். அவன் சந்தையை விட்டு விலக, கெட்ட கார்கள் மட்டும் மிஞ்சும்.

மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். பப்பாசி விதை கலந்த மிளகு சந்தையில் புழங்கும் காலத்தில் சுத்தமான மிளகு வைத்திருப்பவனுக்கும் விலை விழுகிறது. அவன் என்ன செய்வான்? மூடையை அவிழ்த்து, கையை விட்டு அள்ளிக் காட்டுவான். கண்ணால் பார்க்கக்கூடிய குறைக்கு அது போதும். ஆனால் அந்த மிளகு விளைந்த தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்டதா, பறித்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா, எந்த மருந்து அடித்தார்கள் என்பதை மூடையை அவிழ்த்துக் காட்ட முடியாது. லண்டனிலும் ஹம்பர்க்கிலும் இருக்கும் வாங்குநருக்கு இப்போது வேண்டியிருப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத விடயங்கள்தான். அவற்றை அள்ளிக் காட்டுவதற்கான கைதான் இந்த இணையப் பக்கம்.

முதலாவது காரணம்: வாங்குபவரின் கேள்வி

2018இல் பிரித்தானியாவின் ட்ரேட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. "என் தேயிலையைப் பறித்தது யார்?" என்பதுதான் அதன் கேள்வி. அஸ்ஸாம் தோட்டங்களில் பெண்கள் படும் கஷ்டத்தைச் சொல்லி, தேநீர் குடிக்கும் சாதாரண மக்களைக் கொண்டு பெரிய தேயிலைக் கம்பனிகளுக்கு எழுத வைத்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தெந்தத் தோட்டத்தில் வாங்குகிறீர்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள்.

அதுவரைக்கும் அந்தப் பட்டியல் வியாபார இரகசியம். நாமும் நமக்குச் சரக்குத் தருகிறவரின் பெயரை அடுத்த கடைக்காரனுக்குச் சொல்லமாட்டோமே, அதே காரணம்தான். ஆனாலும் யோர்க்ஷயர், டுவைனிங்ஸ், டெட்லி, பீ.ஜி. டிப்ஸ் போன்ற பெயர்பெற்ற தேயிலைக் குறிகளின் சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பட்டியலை இணையத்தில் போட்டார்கள். முதலாவது ஆள் போட்டபின் போடாதவரைப் பார்த்து "நீங்கள் எதை மறைக்கிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்தது. இதைக் கவனியுங்கள். ஒருவர் திறந்து வைத்தால் மற்றவரின் மௌனமே ஒரு பதிலாகிவிடுகிறது.

இதற்கு முன்பும் ஓர் உதாரணம் உண்டு. 2010 மார்ச் மாதம் கிரீன்பீஸ் அமைப்பு நெஸ்லே கம்பனியின் கிட்கட் சொக்கலட்டைப் பற்றி ஒரு சிறு வீடியோப் படத்தை இணையத்தில் விட்டது. இந்தோனேசியாவில் காடழித்துச் செம்பனை வளர்ப்பவரிடம் எண்ணெய் வாங்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கக் கம்பனி முயன்றதும் அது இன்னும் வேகமாகப் பரவியது. இரண்டு மாதத்துக்குள் நெஸ்லே, காடழிக்காத எண்ணெய்தான் வாங்குவோம் என்று உறுதி கூறியது. 2018 பெப்ரவரியில் யுனிலீவர் தனக்குச் செம்பனை எண்ணெய் தரும் 300க்கு மேற்பட்ட நேரடி விநியோகஸ்தர்கள், 1,400க்கு மேற்பட்ட ஆலைகள் ஆகியோரின் பெயர்களை வெளியிட்டது. நெஸ்லேயும் 2019இல் தனது விநியோகஸ்தர் பட்டியல்களைத் திறந்தது. பழி வந்த பிறகு பதில் தேடுவதைவிட, பழி வருமுன் பதிலை வைத்திருப்பது மலிவு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நமது தோட்டங்களுக்கு இந்த நெருக்குதல் இன்னும் முந்தியே வந்தது. 2007இல் யுனிலீவர், லிப்டன் தேயிலைப் பைகளுக்கு ரெயின்பொரஸ்ட் எலயன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்தே தேயிலை எடுக்கப்போவதாக அறிவித்தது. அந்தப் பச்சைத் தவளை முத்திரையை நீங்கள் பெட்டிகளில் கண்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு மலையகத்தில் பல தோட்டங்கள் அந்தச் சான்றிதழை எடுத்தன. சான்றிதழ் எடுத்தவர் அதை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதாமல் இருப்பாரா?

இரண்டாவது காரணம்: சட்டம்

வாடிக்கையாளர் கேட்பது ஒரு பக்கம், அரசு கட்டளையிடுவது மறு பக்கம். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், அங்கே வியாபாரம் செய்து வருடத்துக்கு 36 மில்லியன் பவுணுக்குக் குறையாத புரள்வு காட்டும் கம்பனிகளுக்கு ஒரு கடமையை விதித்தது. தமது விநியோகச் சங்கிலியில் கட்டாய வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தார்கள் என்று வருடந்தோறும் எழுத வேண்டும். இணையத்தளம் இருந்தால் அதில் வெளியிட்டு, முகப்புப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஆக, இணையத்தில் எழுதுவது அங்கே விருப்பம் சார்ந்ததல்ல, சட்டம் சார்ந்தது.

ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3,000 ஊழியர்களுக்கு மேற்பட்ட கம்பனிகளுக்கும், 2024 முதல் 1,000 ஊழியர்களுக்கு மேற்பட்டவைக்கும் அது பொருந்தியது. அதே 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிரான ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. கால்நடை, கொக்கோ, கோப்பி, செம்பனை எண்ணெய், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்த பொருட்களும் அதற்குள் அடங்கும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்தில் விளைந்ததல்ல என்று காட்டுவதற்கு, விளைந்த காணி எங்கே இருக்கிறது என்ற அளவைக் குறிப்பையே கேட்கிறார்கள். தேயிலையும் கறுவாவும் மிளகும் அந்த ஏழில் இல்லை. ஆனால் நமது ரப்பர் இருக்கிறது. களுத்துறையிலோ கேகாலையிலோ அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவரின் காணி எங்கே என்பதை ஐரோப்பாவில் டயர் வாங்குகிறவர் கேட்கும் நிலை அது.

இந்த விதியின் தொடக்கத் திகதி இரண்டு தடவை பின்போடப்பட்டது உண்மைதான். 2025இல் ஐரோப்பிய ஆணைக்குழு கம்பனி அறிக்கைச் சட்டங்களைத் தளர்த்தவும் முன்வந்தது. இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, எல்லாம் அடங்கிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் தளர்ந்தாலும், சட்டத்துக்காகக் கேட்கப் பழகிய வாங்குநர் தனது வினாக்கொத்தைக் கிழித்துப் போடமாட்டார். வேறொரு நாட்டுக்காரன் பதிலோடு நிற்கும்போது, பதில் இல்லாதவனைத் தேடி வர அவருக்கு என்ன அவசியம்?

மூன்றாவது காரணம்: பணம் தருபவர்

பங்கு வாங்குகிறவரும் கடன் தருகிறவரும் இப்போது இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். மழை பொய்த்தால் தேயிலை விளைச்சல் விழும். விளைச்சல் விழுந்தால் கடன் திரும்பி வராது. இதில் தர்மம் பேச ஒன்றுமில்லை, முதலைக் காப்பாற்றும் கணக்குதான்.

இலங்கை மத்திய வங்கி 2019இல் பேண்தகு நிதிக்கான வழிவரைபடத்தை வெளியிட்டது. 2022இல் எந்தத் தொழிலைப் "பசுமைத் தொழில்" என்று வகைப்படுத்தலாம் என்ற வரையறையையும் வெளியிட்டது. சர்வதேச நியமசபை 2023 ஜூன் மாதம் கொண்டுவந்த பேண்தகு அறிக்கை நியமங்களைத் தழுவி, நமது பட்டயக் கணக்காளர் நிறுவகம் எஸ்1, எஸ்2 என்ற நியமங்களை ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரி முதல், பங்குச் சந்தையின் மிகப் பெரிய 100 கம்பனிகளில் தொடங்கிப் படிப்படியாக அவை நடைமுறைக்கு வருகின்றன. முன்பு பரிசு வாங்குவதற்காக அழகாக எழுதியதை இனிக் கணக்காய்வாளரின் கண்ணுக்கு முன்னால் எழுத வேண்டும்.

நான்காவது காரணம்: பெயர்

நெருக்குதல் இல்லாமலும் சிலர் எழுதுகிறார்கள், ஏனென்றால் எழுதுவதே அவர்களின் வியாபாரம். நமது கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் பேலியகொடையில் டில்மா கம்பனி இருக்கிறது. 2023இல் காலமான மெரில் ஜே. பெர்னாண்டோ, இலங்கைத் தேயிலையை மொத்தமாக அனுப்பி அந்நியர் பெயரில் விற்க விடாமல், இங்கேயே பொதி செய்து தமது சொந்தப் பெயரில் விற்றவர். வியாபாரம் மனித சேவை என்பதைக் கம்பனியின் கொள்கையாக வைத்தார். 2007இல் தொடங்கிய டில்மா கன்சர்வேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்புப் பிரிவின் வேலைகள் பற்றிய செய்திகளை அக்கம்பனி தொடர்ந்து வெளியிடுகிறது. பெரிய விளம்பரச் செலவு செய்யும் பன்னாட்டுக் கம்பனிகளோடு மோதும் ஓர் இலங்கைக் குடும்பக் கம்பனிக்கு, "இந்தத் தேயிலை எங்கிருந்து வருகிறது, இந்தப் பணம் எங்கே போகிறது" என்ற கதையே ஆயுதம்.

நாடு என்ற முறையிலும் இதைச் செய்திருக்கிறோம். தேயிலைச் சபையின் சிங்க முத்திரை, இது நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்ற தகவலைத்தான் சொல்கிறது. மண்ணுக்கு அடிக்கும் மெத்தில் புரோமைட்டை நமது தேயிலைத்துறை கைவிட்டதை "ஓசோன் நேயமான தேயிலை" என்ற முத்திரையாக ஆக்கினோம். 2022இல் "சிலோன் கறுவா" என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. காலி, மாத்தறைப் பக்கத்துக் கறுவாவை மலிவான கெசியாப் பட்டையிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவுகிறது. நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குத் தகவல் ஒரு வேலி.

ஏன் இணையத்தில்?

முன்பெல்லாம் வருடாந்த அறிக்கை தடித்த புத்தகமாகத் தபாலில் வரும், பிறகு இறுவட்டில் வந்தது. பங்குதாரரைத் தவிர வேறெவரும் அதைக் காண்பதில்லை. இணையத்தில் வைத்தால் ஒரே பக்கம் நூறு வாங்குநரின் கேள்விக்குப் பதில் சொல்கிறது. நாம் தூங்கும் நேரத்தில் அமெரிக்காவில் விழித்திருப்பவன் அதைப் படிக்கிறான். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரல் மாதம், கொவிட் முடக்க காலத்தில், மண்டபத்திலிருந்து கணினித் திரைக்கு மாறிவிட்டது. நேரில் முகம் பார்த்து நம்பும் வியாபாரம் சுருங்கும்போது, எழுத்தைப் பார்த்து நம்பும் வியாபாரம் பெருகும். இன்னொன்றும் உண்டு. இணையத்தில் எழுதியது நிற்கும். போன வருடம் என்ன சொன்னாய், இந்த வருடம் என்ன செய்தாய் என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எழுதாத பக்கம்

இதுவரை படித்தவர், எழுதுகிறவர் எல்லாம் நல்லவர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய கம்பனி, ஏற்றுமதிக் கம்பனி, பங்குச் சந்தைக் கம்பனி ஆகியவைதான் அதிகம் எழுதுகின்றன. காரணம், அவற்றைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். எழுதுவது பார்வைக்குப் பயந்து. ஆகவே பார்வை விழாத இடம் எழுதப்படாமல் போகலாம்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை எடுங்கள். அது 2021இல் 1,000 ரூபா ஆனது பெரும் இழுபறிக்குப் பிறகு. 2024 ஏப்ரலில் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் சென்று, கடைசியில் அந்த வருடம் செப்டம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாததற்குக் கம்பனிகளிடம் தமது கணக்கும் இருந்தது, உற்பத்திச் செலவும் இருந்தது. ஆனால் அறிக்கையில் சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைக் காண்பவர், அதே பெண்ணின் சம்பளச் சீட்டையும் கேட்க வேண்டும்.

பெரிய வார்த்தைக்குப் பின்னால் நிலத்துக் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நமக்கே பாடம். ஏப்ரலில் முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாறும் என்று அறிவித்து இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. "சேதனம்" என்ற சொல்லில் பிழையில்லை. மண்ணும் பசளையும் ஆயத்தமா என்று பார்க்காமல் சொல்லை மட்டும் முன்னால் அனுப்பியதே பிழை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். உலகின் மிகப் பெரிய இறைச்சிக் கம்பனியான ஜே.பி.எஸ்., 2040க்குள் தனது வெப்ப வாயு வெளியேற்றத்தை நிகர பூச்சியமாக்குவோம் என்று சொல்லி வந்தது. அதற்கான திட்டம் இல்லாமலே அப்படிச் சொல்லி மக்களை ஏமாற்றுகிறது என்று நியூயோர்க் சட்டமா அதிபர் 2024 பெப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். நமது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் பிறரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

அறிக்கையை எடைபோட நமக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தைச் சிறு வயதில் மத்ரஸாவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த கேள்வி. தானியம் நனைந்தது அங்கே குற்றமாகவில்லை, அதை அடியில் வைத்ததே குற்றமானது. ஒரு கம்பனியின் அறிக்கையைத் திறந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். இந்த வருடம் எது நடக்கவில்லை, எந்த இலக்குத் தவறியது, எத்தனை விபத்து நடந்தது என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் மற்றதையும் நம்பலாம். மேலே எல்லாம் காய்ந்த தானியமாக இருந்தால் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன?

நமது தேயிலையில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர் தருவது. மிளகு, கராம்பு, சாதிக்காய், வசவாசி எல்லாம் பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துப் பொருட்கள். அந்தச் சரக்கு சேகரிப்பாளர், ஊர்க் கடை, மொத்தக் கடை என்று கைமாறி ஏற்றுமதியாளரை அடைகிறது. பெரிய தோட்டத்துக்குக் கணக்கெழுத ஆள் இருக்கிறது. நடுவிலே நிற்கும் நம்மிடம்தான் தகவல் அறுந்து போகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் ஏற்றுமதியாளருக்கு ஐரோப்பாவிலிருந்து மிளகுக்கு நல்ல ஓடர் ஒன்று வந்தது. கூடவே நாற்பது கேள்விகளும் வந்தன. எந்த ஊர், எத்தனை விவசாயிகள், என்ன மருந்து, யார் காய வைத்தது? அவர் அக்குறணைப் பக்கத்துச் சேகரிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். "மாத்தளை மிளகுதான் நானா, அதற்கு மேல் என்ன சொல்ல?" என்றார் அந்த மனிதர். அவர் பொய் சொல்லவில்லை. மிளகும் முதல் தரம். ஆனால் அவரிடம் வேறு பதில் இல்லை. ஓடர் வேறு நாட்டுக்குப் போனது. மிளகில் தோற்கவில்லை, கொப்பியில் தோற்றார்கள்.

ஆகவே இணையத்தளம் கட்டுவதற்கு ஓட வேண்டாம். முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதிச் சரக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: திகதி, ஊர், தந்தவர் பெயர், நிறை, ஈரம், கொடுத்த விலை, மூடை இலக்கம். வேறு ஊர்ச் சரக்கோடு கலந்தால் கலந்தது என்று எழுதுங்கள். தந்தவரிடம் என்ன பசளை, என்ன மருந்து என்று இரண்டு கேள்வி கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இப்படி எழுதினால் உங்களிடம் இருப்பது எந்த வாங்குநரின் வினாக்கொத்துக்கும் பதில் சொல்ல ஆரம்பிக்கக்கூடிய ஆவணம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பக்கத்தை இணையத்தில் வையுங்கள். எந்த ஊர்களில் வாங்குகிறோம், எத்தனை குடும்பங்களிடம், எப்படிக் காய வைக்கிறோம், எதை இன்னும் சரிசெய்யவில்லை என்பவை போதும். விவசாயிகளின் பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைப் போட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட அது அவர்களின் அமானிதம். சான்றிதழ் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். "சேதனம்", "இயற்கை" போன்ற சொற்களைக் காட்டுவதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

இதில் செலவில்லாமல் இல்லை. எழுதுகிற நேரம் கடைச் சிப்பந்தியின் நேரம். விவசாயியிடம் கேள்வி கேட்டால் "வேறு ஆளுக்குக் கொடுக்கிறேன்" என்று அவர் போகவும் கூடும். அதற்கு ஒரு வழி, விவரம் தருபவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூட்டிக் கொடுப்பது. கார்கில்ஸ் 1999இல் ஹங்குரன்கெத்தையில் மரக்கறி சேகரிப்பு நிலையம் திறந்து விவசாயியிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. அப்படி வாங்குகிறவருக்குச் சரக்கு மட்டும் வருவதில்லை, அது விளைந்த இடமும் விளைவித்தவரும் தெரிந்துவிடுகிறது. இடைத்தரகர் என்று நம்மைக் குறை சொல்லும் காலத்தில், அந்த விவரத்தைக் கையில் வைத்திருக்கும் இடைத்தரகரை எவரும் இலகுவில் தாண்டிப் போக முடியாது.

கொழும்பில் நமது மூத்தவர்கள் வாய்ச் சொல்லை நம்பி வியாபாரம் செய்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தெரிந்த முகம் இருந்தது. இன்று வாங்குபவர் நமது முகத்தைக் காணப்போவதில்லை, நாம் எழுதியதைத்தான் காணப்போகிறார். ஆகவே இந்த மாதம் முதல் கொப்பியைத் திறவுங்கள். முதல் வரியில் நல்லதை மட்டும் எழுதாமல் நனைந்ததையும் எழுதுங்கள்.